உட்காரக் கூடாத வீடு

எங்கள் ஸ்டூடியோவின் மூன்றாம் ஃப்ளோரில், அதாவது மூன்றாவது ஷூட்டிங் கொட்டகையில், ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதில்லை, உள்ளேயிருந்து எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை, கால் கழன்று விழுவது போல வலித்தாலும் உட்காருவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கே, கக்கூஸ் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் என்று கேட்டால் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நான் லூர்து, காஸ்ட்யூமில் துணி தேய்க்கிறவள், இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்றே பாதி ஆயுளைப் போக்கியவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

அந்த வீட்டைச் செய்தவள் ரேணுகா. எங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் சினிமாக்காரி இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாகக் கட்டி முடித்து விலை போகாமல் கிடக்கிற அடுக்குமாடி வீடுகளை, பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி அலங்கரித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. வாடகைக்கு சோபா எடுத்து, திரை தைத்துப் போட்டு, கூடையில் மெழுகு ஆப்பிள் அடுக்கி, யாருமே குடியிருந்திராத வீட்டைப் பார்த்து, இங்கிருப்பவர்கள் இப்போதுதான் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று நம்பும்படி செய்துவிடுவாள். அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போன எங்கள் ஆர்ட் டைரக்டர் பாலகுரு, சாப்பாட்டு மேசை நாற்காலியில் சும்மா உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார், கடைசியில் வீட்டை வாங்கவில்லை, வீட்டைச் செய்தவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, வந்த புதிதில் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே துடைப்பது வேலை, இங்கே அழுக்காக்குவது வேலை. சுவிட்சைச் சுற்றிக் கைப்படாத வெள்ளைச் சுவரை வைத்துவிட்டு பாலகுருவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், பிறகு டீ டிகாஷனைத் தொட்டுத் தொட்டு விரல் அழுக்கை வரைந்தாள், கட்டிலுக்கு மேலே தலை எண்ணெய்க் கறையைத் தேய்த்தாள், அடுப்பு மேடையில் பால் பொங்கிக் காய்ந்த தடத்தை உண்டாக்கினாள். தினமும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ அக்கா என்று கேட்பாள். அவளுக்கு ஒரே ஒரு பெண், பெயர் பிரகதி, வயது பத்து. புருஷனைப் பற்றி அவள் சொன்னதில்லை, நானும் தோண்டியதில்லை. ஆலப்பாக்கத்தில் ஒற்றை அறை, வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டார், அதனால் அந்தப் பிள்ளையின் பொருள் எதுவும் வெளியே இருக்காது, எல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில்தான். அந்த அறையைப் பார்த்தால் நாளைக்கு யாரோ குடிவரப் போகிற அறை மாதிரி இருக்கும். ஊரார் வீட்டையெல்லாம் ஜோடித்தவளுக்குத் தன் வீடு அப்படி அமைந்திருந்தது.

ஒரு நாள் அவளுடைய பழைய தொழிலின் சூட்சுமத்தைக் கேட்டேன். பெருமையாகவே சொன்னாள்.

“ஒரே ஒரு இடத்த மட்டும் காலியா விடணும்க்கா. நாலு சேர் இருந்தா மூணுக்கு முன்னால தட்டு வைக்கணும், நாலாவத லேசா பின்னால இழுத்து வுட்டுடணும், யாரோ உக்கார வர்ற மாதிரி. பாக்க வர்றவனுக்கு அது தன்னோட எடம்னு தோணிடும். அப்புறம் அவனுக்கு வீட்ட வுட்டுப் போக மனசே வராது.”

புதிய சீரியலுக்கு மூன்றாம் ஃப்ளோரில் பெரிய குடும்பத்து வீடு ஒன்று போட்டார்கள். மூன்று பக்கம் ப்ளைவுட் சுவர், நான்காவது பக்கம் கேமராவுக்காகத் திறந்தே கிடக்கும், எல்லா செட்டும் அப்படித்தான். அதை முழுசாக ரேணுகாவின் பொறுப்பில் விட்டார் பாலகுரு. அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். கூடத்தில் ஆறு நாற்காலி போட்ட மேசை, ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஐந்து தட்டு. ஆறாவது நாற்காலியை, பழைய கை வழக்கம் போகாமல், லேசாகப் பின்னால் இழுத்துவிட்டாள். ஆணி போதுமா, கறை போதுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவளுக்கு அந்த ஒரு நாற்காலி மட்டும் கண்ணில் படவில்லை. மாதிரி வீட்டில் அது வியாபாரம். ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டில் அப்படி ஒரு இடத்தைத் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை.

முதலில் போனவர் லைட்மேன் ஏகாம்பரம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நடிகர்கள் யாரும் ஃப்ளோரில் இல்லை. வாசற்படி வழியாக வயர் சுற்றிக்கொண்டு போனவரை, தண்ணீரும் கிடையாது காஸும் கிடையாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல், வாங்க, உட்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க என்று கூப்பிட்டது, வளையல் சத்தமும் கேட்டது, சாம்பார் தாளிக்கிற வாசனையும் வந்தது. மனுஷனுக்குப் பசி. செருப்பைக் கழற்றிவிட்டு ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவருக்குக் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி எழுந்தவர் நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தார், திறந்த பக்கத்தின் விளிம்பில் நின்றார், தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் முகத்துக்கு நேராக மாட்டினார். துண்டு காற்றில் தொங்கியது. அவருக்கு அந்தப் பக்கமும் சுவர் இருந்தது, சுவரில் ஆணியும் இருந்தது.

அவர் எழுந்த பிறகு பார்த்தால் மேசையில் அவருக்கென்று ஒரு தட்டு இருந்தது, அவர் நாற்காலி இருந்தது, அதற்கு அடுத்து இன்னொரு நாற்காலி லேசாகப் பின்னால் இழுத்தபடி காலியாக இருந்தது. யார் போய் உட்கார்ந்தாலும் அந்த மேசையில் ஒரு இடம் மிச்சமிருந்தது. அதற்குப் பிறகு டிரைவர் ஒருவர் போனார், நடிகர்களுக்கு முகம் ஒற்றிவிடுகிற டச்சப் பையன் ஒருவன் போனான், அவர்களை வெளியே கொண்டுவருகிறேன் பார் என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு போன பாலகுருவும் போனார். அடுத்த நாள் அவர் கைலி கட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிரித்துவிடலாம் என்று ஆசாரி ஒருவர் வெளிப்பக்கமாக ஒரு ஆணியைப் பிடுங்கினார், உள்ளே ஏகாம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், பிடுங்கிய ஆணியை அவசர அவசரமாகத் திரும்ப அடித்தோம்.

ஐயோ, எல்லோரும் ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டு ஓடியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை. வேலை நடந்தாக வேண்டுமே. செருப்போடு போனால் அது நமக்கு வீடாகாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு போனால் பதில் சொல்ல வராது என்று இன்னொருவர் கண்டுபிடித்தார், உட்காராமல் இருந்தால் போதும் என்று எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம். நடிகர்கள் அந்தக் குரலுக்குக் காது கொடுக்காமல், நின்றுகொண்டே வசனத்தை மட்டும் பேசினார்கள். சீரியலில் எல்லோரும் நின்றுகொண்டே பேசுவதுதான் வழக்கம் என்பதால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உள்ளே போனவர்கள் பேப்பர் படிப்பதையும் கீரை ஆய்வதையும் பின்னால் வைத்துப் படம் பிடித்தார்கள், என்ன இயல்பான நடிப்பு என்று ஊரே மெச்சிக்கொண்டது. யூனியனில் பேசி அவர்கள் எல்லோரையும் துணை நடிகர்கள் கணக்கில் சேர்த்து, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

ஏகாம்பரத்தின் மனைவி தேவகி முதல் நாள் மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். இரண்டாம் முறை வந்தபோது டிபன் கேரியரோடு வந்தாள். கொஞ்ச காலத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திறந்த பக்கத்துக்கு எதிரே போட்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டாள். என்னிடமே சொன்னாள், அக்கா, இங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறார், குடிப்பதில்லை, என்னைத்தான் தெரியவில்லை, வீட்டில் இருந்தபோது மட்டும் என்ன தெரிந்தது என்று. பாலகுருவின் அம்மா வந்தார், டிரைவரின் தங்கை வந்தாள், நாற்காலிகள் ஒரு வரிசையாகச் சேர்ந்தன, கேன்டீன்காரர் அவர்களுக்கென்று தனியாக டீ கொண்டுவரத் தொடங்கினார். உள்ளே இருந்த வீட்டைவிட இந்த வரிசையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ரேணுகாவுக்குத் தெரியும், இது தன் கை வேலை என்று. பாலகுரு போன பிறகு அவர் வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். தினமும் வாய் நிறையத் தண்ணீரோடு உள்ளே போய் அந்தக் காலி இடத்தை அடைக்கப் பார்ப்பாள். நாற்காலி மேல் துணி மூட்டை வைப்பாள், உடைந்த ரேடியோ வைப்பாள், முறத்தில் மிளகாய் காயப் போடுவாள். திரும்பிப் பார்ப்பதற்குள் பொருளெல்லாம் வீட்டில் அதது இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்திருக்கும், நாற்காலி மட்டும் பழையபடி லேசாகப் பின்னால் இழுத்திருக்கும். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான், பிரகதி. வீடு வீடாக மாறிக்கொண்டு, ஒரு சுவரில் படம்கூட வரைய முடியாமல் வளர்ந்த பிள்ளை இந்த வீட்டைப் பார்த்தால் என்ன செய்யும் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தாள், ஸ்டூடியோ பக்கமே கூட்டி வரமாட்டாள்.

அடைமழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் ஊரில் இல்லாமல் போக, வேறு வழியில்லாமல் கூட்டி வந்தாள். என் அறைக்கு வர மூன்றாம் ஃப்ளோரைக் கடந்துதான் வர வேண்டும். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். மழைத்தண்ணீர் கூரை வழியாக ஒழுகித் திரை நனைகிறது என்று யாரோ கத்த, அண்ணாந்து பார்ப்பதற்காக ஒரு நொடி கையை விட்டாள். உள்ளேயிருந்து அந்தக் குரல், வா கண்ணு, நனைஞ்சுட்டியே, வந்து உட்காரு என்றது. பிறத்தியார் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும், பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தாள் ரேணுகா. பிரகதி செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தாள், இதோ வரேன் ஆன்ட்டி என்றாள், போய் உட்கார்ந்தாள்.

ரேணுகா போட்ட சத்தத்தில் மூன்று ஃப்ளோரிலும் வேலை நின்றது. திறந்த பக்கத்தின் விளிம்பில் நின்று பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினாள். பிரகதி ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“பக்கத்து வீட்ல யாரோ யாரையோ கூப்பிடறாங்க மாமா.”

ஏகாம்பரம், அது தினமும் அப்படித்தான், நீ சாப்பிடு பாப்பா என்றார்.

செருப்போடு உள்ளே ஓடி மகளின் கையைப் பிடித்தாள் ரேணுகா. அந்தப் பிள்ளை பெற்ற தாயை ஏற இறங்கப் பார்த்து, யாருங்க வேணும், அம்மா உள்ளே சமைக்கிறாங்க என்று மரியாதையாகச் சொன்னது. இழுத்தாள், பிள்ளை பயந்து வீரிட்டது, பாலகுரு எழுந்து வந்து, தான் கையோடு கூட்டி வந்து வேலை கொடுத்தவள் என்பது தெரியாமல், யாரும்மா நீ, குழந்தையைப் பிடித்து இழுக்கிறாய் என்று அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் உள்ளேயிருந்து, யாரு வந்திருக்கா, உட்காரச் சொல்லுங்க என்று குரல் வந்தது. ரேணுகா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் ஓடாது. உள்ளே பிரகதி சுவர் முழுக்கப் படம் வரைந்தாள். வாசற்கதவில் தன் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்தாள். அடுக்களையிலிருந்து வருகிற கொழுக்கட்டையைத் தின்றுகொண்டு பாலகுருவிடம் பின்னக் கணக்குப் போட்டாள். சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்க முடியாது. அதைத்தான் எல்லோரும் ரேணுகாவிடம் சொன்னார்கள், பிள்ளை முகத்தைப் பாரு, எப்படி இருக்கிறது பாரு என்று. தேவகி தன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, துணியால் துடைத்து, நீயும் இப்படி உட்காரு, பார்த்துக்கொண்டே இருந்தால் பழகிவிடும் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ரேணுகா உட்கார்ந்தாள். யாரோ அவள் கையில் டீயைக் கொடுத்தார்கள். பாதி டீ குடித்த பிறகு அவளுக்குச் சட்டென்று உடம்பு தூக்கிப்போட்டது, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து என் அறைக்கு ஓடி வந்தாள். இந்த நாற்காலியும் எனக்காகவே இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று என் இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து நடுங்கினாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் உட்காரவே இல்லை.

இரண்டு நாள் நின்றபடியே யோசித்தாள். பழைய தொழிலில் எப்போதாவது ஆட்கள் குடியிருந்த பழைய வீட்டை விற்பனைக்கு ஜோடிக்கப் போனால், முதல் வேலையாகச் சுவரில் மாலை போட்ட படத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போடுவாளாம். செத்தவர் படம் இருந்தால் வந்தவருக்கு அது தன் வீடாகத் தோன்றாது, வேறு யாருடைய துக்கத்துக்கோ நடுவில் வந்துவிட்டோம் என்று கால் கூசுமாம். உடனே ஓடினாள், செட் சாமான் அடுக்கியிருக்கிற ப்ராப்பர்ட்டி ரூமிலிருந்து தலைப்பாகை கட்டின கிழவர் ஒருவரின் படத்தையும் சந்தன மாலையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் மாட்டினாள். அந்த வீடு என்ன செய்தது தெரியுமா. கிழவரைத் தன் மாமனாராக ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலையிலேயே வடை வாசனை, பாயசம் வாசனை, இன்றைக்கு மாமாவுக்குப் படையல், சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது என்று அடுக்களைக் குரல் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது. அன்று மட்டும் இரண்டு பேரை இழந்தோம். மேக்கப்காரர் ஒருவரை நானே இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தேன், இல்லாவிட்டால் அவரும் போயிருப்பார்.

படையல் வாசனை அடங்குகிற வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தவள், என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“வயசானவங்க சாவு ஆளக் கூப்பிடும்க்கா. சின்னப் புள்ள சாவு யாரையும் கூப்பிடாது.”

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சாவு வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள், உட்காருங்கள் சாப்பிடுங்கள் என்று உபசரிக்கமாட்டார்கள். வந்தவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போய், தலை முழுகிவிட்டுத்தான் தங்கள் வீட்டு வாசற்படி ஏறுவார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு வேறு எந்தப் பிள்ளையையும் தெரியாது. அந்த வீடு மடியில் வைத்துச் சீராட்டுகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக்காக எடுத்த சின்ன போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தாள். யூனிட்டே அவள் மேல் பாய்ந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கா, பெற்றவளா நீ, வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்பார்களே, நீ மாலையே போடப் போகிறாயா என்று அவளை முகத்துக்கு நேரே கேட்டார்கள். ப்ராப்பர்ட்டிக்காரர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பூக்காரி விஷயம் தெரிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.  எல்லோரும் பேசி முடிக்கிற வரை ரேணுகா படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவள் பயப்படவில்லை என்று நினைத்தார்கள் சிலர். அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது.

மாலையை நான்தான் தொடுத்தேன். பின்பக்க மதிலோரம் பூத்திருந்த ரோஜாவையும் அரளியையும் பறித்து, நான் வேதக்காரி, எனக்கு இந்தச் சாங்கியமெல்லாம் ஒட்டாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு தொடுத்தேன். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். சொல்லியும் நார் கையில் நிற்கவில்லை.

செருப்புக் காலோடு, வாயில் தண்ணீரோடு உள்ளே போனாள் ரேணுகா. சாப்பாட்டு நேரம், மேசை நிறைய ஆட்கள், நடுவில் பிரகதி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேணுகா எதிர்ச் சுவரில் ஆணி அடித்தாள், படத்தை மாட்டினாள், கண்ணாடியில் பிள்ளையின் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தாள், மாலையைப் போட்டாள், கீழே ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். அப்புறம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டாள்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. வளையல் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல் வீறிட்டது பாருங்கள், என் ஆயுசில் அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அது செட் அழுகை இல்லை, கிளிசரின் அழுகை இல்லை, பெற்ற வயிறு எரிகிற அழுகை. ஏகாம்பரம் கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டில் வைத்தார், எழுந்தார், காற்றில் தொங்கிய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தலையைக் குனிந்தபடி வாசல் வழியாக வெளியே நடந்தார். பின்னாலேயே டிரைவர், பின்னாலேயே டச்சப் பையன், பின்னாலேயே மற்றவர்கள், கடைசியாகப் பாலகுரு. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்தவர்கள் மேல் ஊற்றுவதற்காக மழைக் காட்சிக்கு வைத்திருந்த தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம், நனைந்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தன் ஆட்களை அடையாளம் தெரிந்தது. தேவகி அவரைத் திட்டிக்கொண்டே தலை துவட்டினாள்.

பிரகதி வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து படத்துக்குக் கீழே போய் நின்றாள். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிறவள் போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அடுக்களை அழுகை கூடக் கூட, அந்தப் பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தாள், ஆறுதல் சொல்லப் போகிறவள் மாதிரி. சுவரோரம் நின்ற ரேணுகாவுக்குக் கை நீட்டினால் எட்டுகிற தூரம். ஆனால் சாவு வீட்டில் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் அந்த வீட்டுக்குத் திரும்ப வாய் திறந்துவிடும். பெற்றவள் வாயில் தண்ணீரோடு, கண்ணில் தண்ணீரோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.  பிரகதி அடுக்களை வாசல் வரை போனாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், என்ன பார்த்தாளோ தெரியாது, திரும்பினாள். கூடத்தைக் கடந்து வந்தாள். வாசலில் குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள்.

தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் அம்மா என்றாள். பின்னாலேயே வெளியே வந்த ரேணுகா வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓ என்று அழுதாள். பிள்ளை அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னது.

“அந்த வீட்ல ஒரு பொண்ணு செத்துப் போச்சும்மா. என் வயசுதாம்மா இருக்கும்.”

கேமராமேன் அதற்குள் கேமராவைத் திருப்பிவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதைக்காகப் பிணமாகப் படுத்தவர்களையும், படத்துக்கு மாலை போட்டவர்களையும், இடத்தை விட்டுப் போவதற்குள் கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வைத்து எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் போட்ட மாலை பொய்யாகும். சிரி பாப்பா என்றார். அவங்க இன்னும் அழுதுட்டிருக்காங்களே, நான் எப்படி சிரிக்கிறது என்று கேட்டாள் பிரகதி. நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், ரேணுகா கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தாள். கடைசியில் ஏகாம்பரம் ஈரத் தரையில் வழுக்கி, தேவகியின் டிபன் கேரியர் மேலேயே உட்கார்ந்தார். பிள்ளை கலகலவென்று சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு கேமராவில் விழுந்ததும் பலபேர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

மறுநாள் படத்தைக் கழற்றிவிடலாம் என்று ஆணியிலிருந்து தூக்கிய அதே நொடியில், அடுக்களையில் அழுகை நின்று, வாங்க, உட்காருங்க என்று குரல் வந்தது. தூக்கியவர் அலறிக்கொண்டு திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து அந்தப் படம் அங்கேதான் இருக்கிறது. சீரியல் முடிந்தபாடில்லை, முடிந்தாலும் வீட்டைப் பிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை. படத்தில் மாலை வாடினால் குரல் முனக ஆரம்பிக்கிறது, அதனால் தினமும் புது மாலை. மாலை போட்ட ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குள் பிரகதி கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரித்தாக வேண்டும். ரேணுகா இப்போது பெரிய ஆர்ட் டைரக்டர், இதற்கென்றே தனியாக ஒரு போன் வைத்திருக்கிறாள், அதில் வேறு எதுவும் கிடையாது, மகள் சிரித்த சிரிப்புகள்தான். ஜுரத்தில் சிரித்தது, பரீட்சைக்கு முந்தின நாள் சிரித்தது, வயதுக்கு வந்து ஓலைக்குள் உட்கார்ந்திருந்தபோது வெட்கப்பட்டுச் சிரித்தது, அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு அழுகையோடு அழுகையாகச் சிரித்தது, ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே பிள்ளை முகம் வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, என் மேசையில் தலை கவிழ்ந்து படுத்துவிட்டாள். ஏகாம்பரம் வந்து ஆடிக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த அசட்டுக் கதையெல்லாம் சொன்னேன். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ரேணுகா போனை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாட்டி, என் தங்கம் இல்ல, லேசாகப் பல் தெரிந்தால்கூடப் போதும் என்றாள். 

பிரகதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில், ரொம்பக் களைத்திருந்தாள்.

“இன்னிக்கு முடியலம்மா. நாளைக்குச் சேத்து சிரிக்கறேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பவும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். ரேணுகா போனைக் கீழே இறக்கவில்லை.